கசாயம், தூள், உருண்டை, பாகு: சீன மருந்தைக் கையாளும் விதம்

சீன மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் மூலிகைப் பெயரையும் கிராம் கணக்கையும் எல்லோரும் பார்ப்பார்கள். சில பெயர்களின் ஓரத்தில் பொடியாக எழுதியிருக்கும் குறிப்பை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. முதலில் போடு, கடைசியில் போடு, துணியில் கட்டிப் போடு, தனியாகக் காய்ச்சு, உருக்கிச் சேர், தூளாக விழுங்கு என்று ஐந்தாறு குறிப்புகள்தான். கடைக்காரர் அந்தச் சரக்குகளை மட்டும் தனித்தனிச் சிறு பொட்டலமாகக் கட்டிப் பெரிய பொட்டலத்துக்குள் வைத்துத் தருவார். வீட்டில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கொதிக்கவிட்டால் வாசனைச் சரக்குகளின் குணம் ஆவியாகப் போய்விடும். நஞ்சுச் சரக்கின் நஞ்சோ முறியாமல் அப்படியே இருக்கும்.

ஒரே சரக்கை வேறு வடிவில் கொடுத்தால் அது வேறு மருந்து. சீன மருத்துவத்தில் இதைப் புரிந்துகொள்ளாமல் எதுவும் புரியாது. உலகமறிந்த உதாரணம் ச்சிங்ஹாவ் செடி. விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு இந்தச் செடியில் ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றைக் குடிக்கும்படி 4ஆம் நூற்றாண்டில் கே ஹொங் என்ற சீன மருத்துவர் எழுதி வைத்தார். காய்ச்சச் சொல்லவில்லை. சீன விஞ்ஞானி து யூயூவின் கண்ணில் பட்டது அந்த இடம்தான். சூட்டில் சத்து கெடுகிறது என்று ஊகித்து, 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரில் சாரம் எடுத்தார். 1971இல் மலேரியாக் கிருமியை அடக்கும் சாரம் கிடைத்தது, 2015இல் நோபல் பரிசும் வந்தது. அதே செடியைக் கசாயமாகக் காய்ச்சியிருந்தால் அந்தச் சத்தில் பெரும்பகுதி அடுப்பிலேயே போயிருக்கும்.

கசாயம் நோயை அடித்துக்கொண்டு போகும், தூள் கலைத்துவிடும், உருண்டை மெல்ல வேலை செய்யும் என்று மருத்துவர் லி துங்யுவான் (1180–1251) பெயரில் ஒரு பழைய பேச்சு வழங்குகிறது. இன்றும் மருத்துவர்கள் வடிவத்தைத் தேர்வது ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான். திடீர் நோய்க்கும், நாளுக்கு நாள் மருந்தை மாற்ற வேண்டிய நோய்க்கும் கசாயம். மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியதற்கு உருண்டை.

கசாயத்திலிருந்து தொடங்குவோம். தவறுகளில் பெரும்பகுதி இங்கேதான். மண்சட்டி உத்தமம். கண்ணாடி, சில்லுப் பெயராத எனாமல், எவர்சில்வர் ஆகியவையும் பரவாயில்லை. இரும்பு, செம்பு, அலுமினியம் மூன்றும் கூடாது. துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கசாயம் கறுத்து அடியில் படியும்.

மூலிகையை அரிசி களைவதுபோல் கழுவ வேண்டாம். தூசி தெரிந்தால் ஒருமுறை அலசினால் போதும். பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். கெட்டியான வேரும் விதையும் அதிகமாக இருந்தால் ஒரு மணி நேரம். அவசரத்துக்கு வெந்நீர் ஊற்றுகிறவர்கள் உண்டு. வெந்நீர் பட்டதும் மேற்பரப்பிலுள்ள மாவும் புரதமும் இறுகிவிடும், உள்ளிருக்கும் சத்து வெளியே வராது. தண்ணீர் மூலிகைக்கு மேலே இரண்டு விரற்கடை நிற்க வேண்டும். பூவும் இலையும் நிறைய இருந்தால் அவை குடித்துவிடும், இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள்.

கொதி வரும்வரை பெருந்தீ, பிறகு சிறுதீ. கொதி வந்த பிறகுதான் நேரக் கணக்கு தொடங்கும். சளி, காய்ச்சலுக்கான மருந்து 10 முதல் 15 நிமிடம். சாதாரண மருந்து 20 முதல் 30. உடல் தேற்றும் மருந்து 40 முதல் 60. சூடாக இருக்கும்போதே வடித்து, சக்கையைக் கரண்டியால் அழுத்திப் பிழியுங்கள். அதே சக்கையில் மட்டமாகத் தண்ணீர் விட்டு, இந்த முறை கொஞ்சம் குறைந்த நேரம், மறுபடி காய்ச்சுங்கள். இரண்டு வடிப்பும் சேர்ந்து பெரியவர்களுக்கு 300 முதல் 400 மில்லி வந்தால் சரி. இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டுத்தான் இரண்டு வேளைக்குப் பிரிக்க வேண்டும். முதல் வடிப்பு காலைக்கு, இரண்டாவது இரவுக்கு என்று குடித்தால் காலையில் கனமான மருந்தும் இரவில் வெறும் கழுநீருமாகப் போகும். அடிப்பிடித்தால் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கக் கூடாது, கொட்டிவிட வேண்டியதுதான். மிச்சத்தைக் குளிர்பெட்டியில் ஒரு நாள் வரை வைக்கலாம்.

இனி அந்த ஓரக் குறிப்புகள். முதலில் போட வேண்டியவை கல், சிப்பி, ஆமை ஓடு வகை. ஜிப்சத்தையும் ஆளிச்சிப்பி ஓட்டையும் உடைத்துப் போட்டு 20, 30 நிமிடம் தனியாகக் கொதித்த பிறகே மற்றவை சேரும். இதே குறிப்பு ஃபூஸிக்கும் உண்டு, ஆனால் காரணம் வேறு. ஃபூஸி நஞ்சுள்ள வசநாபி இனத்துக் கிழங்கு, பக்குவம் செய்தே விற்பார்கள். அப்படியும் அதில் எஞ்சியிருக்கும் அகோனிட்டின் என்ற நஞ்சு நீண்ட கொதியில்தான் வீரியம் குறைந்த பொருள்களாக முறியும். ஒரு மணி நேரமாவது தனியே கொதிக்கட்டும், அளவு கூடினால் நேரமும் கூட வேண்டும். தண்ணீரை ஆரம்பத்திலேயே தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். குடித்த பின் உதடு, நாக்கு, விரல் நுனி மரத்தாலோ நெஞ்சு படபடத்தாலோ மருத்துவரிடம் போனில் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், கசாயப் பொட்டலத்தையும் கையோடு கொண்டு போக வேண்டும்.

கடைசியில் போட வேண்டியவை வாசனைச் சரக்குகள். புதினா ஐந்து நிமிடத்துக்கு மேல் கொதிக்கக் கூடாது. ரேவல்சின்னிக் கிழங்கின் சங்கதி சுவாரசியமானது. கடைசி ஐந்து, பத்து நிமிடத்தில் போட்டால் பேதியாகும். நெடுநேரம் காய்ச்சினால் பேதிச் சத்து முறிந்து துவர்ப்பு மட்டும் மிஞ்சும், மலச்சிக்கல்கூட வரலாம். எந்த வேலைக்காக எழுதியிருக்கிறார் என்பதைப் பொறுத்தே நேரம், அதனால் சீட்டில் குறிப்பு இல்லாவிட்டால் கேட்டுக்கொள்ளுங்கள்.

துணியில் கட்டிப் போட வேண்டியவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு தொல்லை. இசப்புகோல் இனத்து விதையான சச்சியான்ஸி வழுவழுவென்று கசிந்து அடிப்பிடிக்கும். ஷுவான்ஃபூ பூவின் நுண்சுணை கசாயத்தில் கலந்து தொண்டையில் உறுத்தி இருமவைக்கும். சம்புப் புல்லின் மகரந்தம் மேலே மிதந்து பொங்கும். நெருக்கமான நெசவுள்ள பருத்தித் துணி எடுத்து, தளர்வாகக் கட்டுங்கள். உள்ளே ஊதுவதற்கு இடம் வேண்டும்.

கழுதைத் தோலிலிருந்து எடுக்கும் பசையான அஜியாவைச் சட்டியில் போட்டால் மற்ற மூலிகைகளின் மேல் ஒட்டிக்கொண்டு சக்கையோடு குப்பைக்குப் போகும். உடைத்துக் கிண்ணத்தில் போட்டு, கொஞ்சம் அரிசி மது அல்லது வெந்நீர் விட்டு, ஆவியில் உருக்கி, வடித்த கசாயத்தில் கலக்க வேண்டும். ஜின்செங் விலை அதிகம். சீவல்களை மூடிய பீங்கான் கிண்ணத்தில் வைத்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி ஒன்றிரண்டு மணி நேரம் வேகவைத்து, அந்தச் சாறைக் கடைசியில் சேர்ப்பார்கள். ஸான்சி கிழங்கைத் தூளாக்கி, வேளைக்கு 1 முதல் 3 கிராம், கசாயத்தோடு விழுங்கச் சொல்வார்கள்.

குடிக்கும் முறையும் மருந்தோடு சேர்ந்ததுதான் என்பதற்கு குய்ஜி தாங் கசாயம் நல்ல சான்று. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர் ஜாங் ஜொங்ஜிங் எழுதியது. இன்றைய கணக்கில் சீன இலவங்க மரத்தின் இளங்குச்சி 9 கிராம், வெண்பியோனி வேர் 9, இஞ்சி 9, அதிமதுரம் 6, கூடச் சீன இலந்தைப்பழம். குடித்துச் சற்று நேரத்தில் சூடான நீர்க்கஞ்சி குடித்து, போர்த்திக்கொண்டு சுமார் இரண்டு மணி நேரம் படுக்க வேண்டும். உடம்பு முழுக்க இலேசாக வேர்க்கலாம், நீராக வழியக் கூடாது. முதல் வேளையிலேயே வேர்த்துக் குணமானால் மிச்சத்தைக் குடிக்கக் கூடாது. கஞ்சியையும் போர்வையையும் விட்டுவிட்டுக் கசாயத்தை மட்டும் குடித்தவர்கள்தான் 'இது எனக்குக் கேட்கவில்லை' என்பார்கள்.

தூளில் இரண்டு ரகம். ஒன்று விழுங்கும் நுண்தூள், மற்றது கொஞ்ச நேரம் காய்ச்சி வடித்துக் குடிக்கும் கரகரத் தூள். பின்னது சொங் பேரரசுக் காலத்தில் பெரிதாகப் பரவியது. 1076இல் கைஃபெங் நகரில் அரசே தயார் மருந்துக் கடை திறந்தது. முழு மூலிகையைக் காய்ச்சுவதைவிடத் தூளுக்குச் சரக்கும் குறைவு, விறகும் குறைவு. பின்னாளில் வந்த, காய்ச்சலுக்கான யின்ச்சியாவ் சான் தூளையும் அந்த முறையில்தான் காய்ச்சச் சொன்னார்கள். 18 கிராம் தூளை நாணல் வேர் நீரில் போட்டு, வாசனை குப்பென்று எழுந்ததும் இறக்கிவிட வேண்டும். இன்று அதே பெயரில் மாத்திரையாக விற்கிறது. வேலை செய்யாமல் இல்லை, ஆனால் காய்ச்சல் தொடங்கிய முதல் நாளில் தூளுக்கு இருக்கும் வேகம் மாத்திரைக்கு வராது.

விழுங்கும் தூள் அங்குலத்துக்கு 80 கண் உள்ள சல்லடையில் இறங்க வேண்டும். குழந்தைகளுக்கும் புண்ணில் தூவுவதற்கும் 100 கண். தூளை உலர்ந்தபடியே வாயில் கொட்டிக்கொண்டால் புரையேறும், வெதுவெதுப்பான நீரில் குழைத்துச் சாப்பிடுங்கள். யுன்னான் பாய்யாவ் 1902இல் ச்சூ ஹுவான்ஜாங் உருவாக்கிய காயத் தூள். 4 கிராம் புட்டியைத் திறந்தால் தூளின்மேல் சிவப்பாக ஒரு சிறு உருண்டை இருக்கும். ஈரம் உறிஞ்ச வைத்தது என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறார்கள். பலத்த அடிபட்டால் முதல் வேளையில் விழுங்க வேண்டிய உருண்டை அது, சின்னக் காயத்துக்குத் தேவையில்லை. தூள் பெரியவர்களுக்கு வேளைக்கு 0.25 முதல் 0.5 கிராம், நாளைக்கு நான்கு வேளை. இதிலும் வசநாபி இனம் உண்டு, கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

உருண்டைக்குப் போவோம். பெரிய தேனுருண்டை ஒன்று பெரும்பாலும் 9 கிராம். தேனைக் காய்ச்சும் பதம்தான் இங்கே எல்லாம். அதிரசத்துக்குப் பாகு எடுப்பதுபோல் ஒரு சுற்று தவறினாலும் மீட்க முடியாது. 105 முதல் 115 டிகிரி வரை காய்ச்சினால் இளம்பதம். பசையுள்ள சரக்குக்கு அது போதும். 116 முதல் 118 வரை நடுப்பதம், நீர் 14 முதல் 16 விழுக்காடு நிற்கும், பெரும்பாலான மருந்துக்கு இதுவே. 119 முதல் 122 வரை முதிர்பதம், நீர் 10 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிடும். நார்ச் சரக்கும் கல் சரக்கும் அந்தப் பதத்தில்தான் சேர்ந்து நிற்கும். பசைச் சரக்கில் முதிர்பதத் தேனை ஊற்றினால் உருண்டை கல்லாகும். நார்ச் சரக்கில் இளம்பதத் தேன் விட்டால் விண்டுபோகும், மீறி உருட்டினாலும் ஈரம் அதிகமாகிப் பூஞ்சை பிடிக்கும்.

லியுவெய் திஹுவாங் உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சொங் காலத்துக் குழந்தை மருத்துவர் ச்சியான் யீயின் மருந்து, ஆறு சரக்கு, 8, 4, 4, 3, 3, 3 என்ற விகிதம். 100 கிராம் தூளுக்கு 80 முதல் 110 கிராம் காய்ச்சிய தேன். அப்படியானால் 9 கிராம் உருண்டையில் ஏறக்குறைய பாதி தேன்தான். நாளைக்கு இரண்டு உருண்டை தின்றால் உள்ளே போகும் சரக்கு 9 கிராமை ஒட்டி வரும். இதே மருந்தின் செறிவு உருண்டையில், அதாவது சரக்கைக் காய்ச்சிச் சுண்டவைத்துச் செய்ததில், 8 சிறு உருண்டைக்கு 3 கிராம் மூலச் சரக்கு. வேளைக்கு 8, நாளைக்கு மூன்று வேளை என்றால் அதே 9 கிராம். 'இத்தனை பொடிசாக இருக்கிறதே' என்று எண்ணிக்கையைக் கூட்டத் தேவையில்லை. சர்க்கரை நோயாளிகள் தேனுருண்டையை விட்டுச் செறிவு உருண்டையையோ நீர் விட்டு உருட்டியதையோ கேட்டு வாங்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் சேர்ந்த எதுவும் கூடாது.

பெரிய உருண்டையை முழுதாக விழுங்க முயல வேண்டாம். மெழுகு ஓட்டையும் உள்ளிருக்கும் தாளையும் நீக்கி, பயறு அளவுக்குக் கிள்ளி உருட்டி வெந்நீரோடு விழுங்கலாம், மென்றும் தின்னலாம். ஆன்கொங் நியூஹுவாங் உருண்டை பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். கடும் காய்ச்சலில் நினைவு தப்பியவருக்கான அவசர மருந்து அது. பக்கவாதம் வராமல் காக்கும் என்று ஆண்டுக்கு ஒன்றிரண்டு தின்னும் வழக்கம் பரவியிருக்கிறது, அது தப்பு. மரபான சேர்மானத்தில் பாதரசம் கொண்ட சாதிலிங்கமும் ஆர்செனிக் கொண்ட மனோசிலையும் உண்டு. சாதிலிங்கம் சேர்ந்த எதையும் தீயில் வைக்கவே கூடாது, சூட்டில் பாதரசம் பிரியும்.

சாங்ஹாய், ஜெஜியாங் பக்கம் குளிர்காலம் வந்தால் காவ்ஃபாங் எனும் பாகு மருந்து அமர்க்களப்படும். நம் லேகியத்துக்குக் கிட்டத்தட்ட உறவு, ஆனால் கடையில் அளந்து விற்பதல்ல, ஒருவருக்கென்றே எழுதிக் காய்ச்சுவது. டிசம்பர் 21, 22இல் வரும் குளிர்காலத் திருப்ப நாளை ஒட்டித் தொடங்கி பிப்ரவரி 4 வாக்கில் முடிப்பார்கள். அதற்கு முன் ஒன்றிரண்டு வாரம் வயிற்றைச் சரிசெய்யும் கசாயம் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். செரிமானம் மந்தமாக இருப்பவருக்கு நேரே பாகைக் கொடுத்தால் வயிறு உப்பி, நாக்கு தடித்து, இரண்டாம் வாரமே நிறுத்த வேண்டி வரும்.

காய்ச்சுவதற்கு மூலிகையை இரவெல்லாம் ஊறவைத்து, மூன்று முறை காய்ச்சி வடிக்க வேண்டும். மூன்று வடிப்பையும் சேர்த்துத் தெளியவைத்து, வண்டலை நீக்கி, சிறுதீயில் சுண்டவிட வேண்டும். அஜியாவை முந்தின நாளே மஞ்சள் அரிசி மதுவில் ஊறப்போட்டு, ஆவியில் உருக்கித் தயாராக வைத்திருங்கள். கசாயம் நன்றாகச் சுண்டிய பிறகு அதையும், தேனையோ கற்கண்டையோ சேர்க்க வேண்டும். இங்கிருந்து கை நிற்கக் கூடாது, மரத்துடுப்பால் அடியைத் தொட்டுத் தொட்டுக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். துடுப்பைத் தூக்கிச் சாய்த்தால் பாகு சொட்டுச் சொட்டாக விழாமல் ஓரத்தில் முக்கோணத் தகடாகத் தொங்கும். அதுதான் பதம். தண்ணீரில் ஒரு துளி விட்டால் கரையாமல் முத்தாக நிற்க வேண்டும்.

பாகு கெடுவது பெரும்பாலும் பதத்தால் அல்ல, மூடியால். சூடாக இருக்கும்போதே மூடினால் ஆவி மூடியில் வேர்த்து மேலே சொட்டும், சில நாளில் அந்த இடத்தில் பூஞ்சை. வெந்நீரில் கொதிக்கவைத்து நன்றாக உலர்த்திய பீங்கான் ஜாடியில் ஊற்றி, துணியால் மட்டும் மூடி, முழுக்க ஆறிய பிறகே மூடி போடுங்கள். கரண்டி ஈரமில்லாமல் இருக்கட்டும். முதல் சில நாள் அரைக் கரண்டி, பிறகு காலையும் இரவும் ஒரு கரண்டி வெந்நீரில் கரைத்து. சளி, காய்ச்சல், பேதி வந்தால் பாகை நிறுத்திவிட்டு, குணமான பிறகு தொடரலாம்.

வெளிப்பூச்சில் கறுப்புப் பற்றை மட்டும் வீட்டில் செய்ய நினைக்கவே வேண்டாம். மூலிகையை நல்லெண்ணெயில் கருக வறுத்து வடித்து, 300 டிகிரியைத் தாண்டிய எண்ணெயில் ஈயச் செந்தூரம் தூவிக் கிண்டுவார்கள். புகையும் ஈயமும் தீயும் சேர்ந்த வேலை. வாங்கிப் போடுகிறவர்கள் பற்றை இலேசாகச் சூடுகாட்டி இளக்கி ஒட்டலாம், காயம்பட்ட தோலிலும் கர்ப்பிணியின் வயிற்றிலும் இடுப்பிலும் கூடாது. பூச்சுத் தைலங்களில் ஒன்று நமக்கு நெருக்கமானது. 1928 முதல் சிங்கப்பூரில் தயாராகும் கோடாலித் தைலம் இந்தச் சீனத் தைல வகையைச் சேர்ந்ததுதான். கற்பூரமும் மெந்தாலும் உள்ள எந்தத் தைலத்தையும் கைக்குழந்தையின் மூக்கருகே தடவாதீர்கள்.

மூலிகை மதுவுக்கு 50 முதல் 60 விழுக்காடு வீரியமுள்ள பைஜியு எனும் சீனத் தானியச் சாராயம், சரக்கைப்போல் பத்து மடங்கு, இரண்டு முதல் நான்கு வாரம் ஊறல். வசநாபி இனம் சேர்ந்த மது தேய்ப்பதற்கு மட்டும். மது அந்த நஞ்சை நன்றாகக் கரைத்தெடுக்கும், கொதிக்காததால் முறிக்காது. குடித்துச் செத்தவர்கள் உண்டு. புட்டியில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

இன்று பலர் கையில் இருப்பது கசாயத்தைச் சுண்டவைத்து உலர்த்திய குறுமணி. ஜப்பானில் 148 சேர்மானங்களுக்குக் காப்பீடு உண்டு, நாளைக்கு 7.5 கிராமை மூன்று பொட்டலமாகக் கொடுப்பது பொதுவான அளவு. தைவானில் 1995இல் தொடங்கிய தேசியக் காப்பீட்டிலும் சீன மருந்து இருக்கிறது. 100 முதல் 150 மில்லி கொதிநீர் விட்டு, மூடி, ஐந்து நிமிடம் விட்டுக் கலக்குங்கள். அடியில் கொஞ்சம் வண்டல் நிற்பது மாவுப்பொருளால், அதையும் சேர்த்தே குடிக்க வேண்டும். பால்சர்க்கரை ஒவ்வாதவர்கள் பொட்டலத்தில் லாக்டோஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வெவ்வேறு பொட்டலம் சாப்பிடுகிறவர்கள் இரண்டிலும் அதிமதுரம் இருக்கிறதா என்று கூட்டிப் பாருங்கள். அளவு மீறினால் கால் வீங்கும், ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர் தன்ஷென், தாங்குய் ஆகிய மூலிகைகள் சேர்ந்த எந்த வடிவத்தையும் ஆங்கில மருத்துவரிடம் சொல்லாமல் தொடக் கூடாது. இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டுச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்பது இதற்குப் பொருந்தாது.

எல்லா வடிவத்துக்கும் பொதுவான சிக்கல் எடை. பழைய சீட்டிலும் புத்தகத்திலும் ச்சியான், அதன் பத்து மடங்கான லியாங் என்றே இருக்கும். சீனாவின் மருத்துவ வழக்கில் ஒரு ச்சியானை 3 கிராமாகப் பிடிப்பார்கள். ஹாங்காங், சிங்கப்பூர், மலேசியாவின் பழைய கடைகளில் அது 3.78 கிராம், பத்துச் சேர்ந்தால் 37.8 கிராம், அதைத்தான் தாஹில் என்பார்கள். இன்றைய சீனச் சந்தையில் காய்கறி நிறுக்கும் லியாங்கோ 50 கிராம். மூன்று ச்சியான் ஃபூஸி என்று எழுதிய சீட்டு ஓரிடத்தில் 9 கிராம், இன்னோரிடத்தில் 11 கிராமைத் தாண்டும். மருத்துவரிடமே கிராமில் எழுதி வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள்.